நாரோபோட்டில் குடும்பப் பயணம்: படகு முரண்டினால் எதை முதலில் பார்க்க வேண்டும்

இங்கிலாந்தின் கால்வாய்களில் ஓடும் நாரோபோட் என்னும் ஒடுங்கிய படகை ஒரு வாரத்துக்கு வாடகைக்கு எடுத்து, அதிலேயே சமைத்து, அதிலேயே உறங்கி, நடை வேகத்தில் ஊர் ஊராகப் போய்வருவது கடந்த ஒன்பது கோடைகளாக எங்கள் குடும்பத்தின் பழக்கமாக இருந்துவருகிறது. முதல் ஆண்டில், இரண்டாம் நாள் காலையில் என்ஜின் ஓடவில்லை. மெக்கானிக் வருவதற்காக, மழையில், என் தாயாரும் இரண்டு குழந்தைகளும் உடனிருக்க, 3 மணி நேரம் கரையில் காத்திருந்தோம். வந்தவர் பின்தளத்தில் வெளியே இழுக்கப்பட்டிருந்த ஒரு குமிழை உள்ளே தள்ளினார், என்ஜின் ஓடியது. அதற்குப் பிறகு, எங்கள் படகிலும், எங்களைப் பார்த்துப் படகெடுத்துத் தொலைபேசியில் வழி கேட்ட உறவினர் படகுகளிலும், ஏறக்குறைய அதே பத்துப் பன்னிரண்டு பழுதுகளே திரும்பத் திரும்ப வந்தன. அவற்றைத் தென்படும் அறிகுறியின்படி, செலவும் உழைப்பும் இல்லாத காரணத்திலிருந்து தொடங்கி, இங்கே வரிசைப்படுத்தியிருக்கிறேன்.

நாங்கள் அதிகம் சென்றது, டீ ஆற்றின் நீரைக் கொண்டுவரும் லாங்கோலன் கால்வாய். அதனால் இடச்சான்றுகள் பெரும்பாலும் அங்கிருந்தே வருகின்றன. படகின் பழுதுகள் எந்தக் கால்வாயிலும் இவையே.

## எதிலும் கை வைப்பதற்கு முன்

முதலில் படகைக் கரையில் முன்னும் பின்னும் கட்டுங்கள். கட்டாத படகில் பழுது பார்க்கக் குனிந்தால், சற்று நேரத்தில் அது கால்வாயின் குறுக்கே திரும்பி நிற்கும்.

அடுத்து, நீங்கள் இருக்கும் இடத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். கால்வாயின் பாலங்களில் எண் பொறித்த தகடு இருக்கும். கடைசியாகக் கடந்த பாலத்தின் எண்ணைச் சொன்னால் உதவிக்கு வருபவர் நேராக வந்துவிடுவார். ‘ஒரு வயலுக்குப் பக்கத்தில்’ என்றால் அவரால் வர முடியாது. எங்கள் படகில் பாலம் கடக்கும்தோறும் எண்ணைக் குறித்துவைப்பது மூத்த மகளின் பொறுப்பு.

யாரை அழைப்பது என்பதிலும் குழப்பம் வேண்டாம். படகில் பழுதென்றால் வாடகைக்குக் கொடுத்த நிறுவனத்தை அழைக்க வேண்டும். நீர்ப்பூட்டு (மேடு பள்ளங்களில் நீரை ஏற்றியிறக்கிப் படகைக் கடத்தும், இரு முனையிலும் கதவுள்ள தொட்டி), பாலம், நீர்மட்டம் போன்று கால்வாயில் கோளாறு என்றால், 2012 முதல் இவற்றைப் பராமரித்துவரும் கெனால் அண்ட் ரிவர் டிரஸ்டின் அவசர எண்ணான 0800 47 999 47-ஐ அழைக்க வேண்டும். உயிருக்கு ஆபத்தென்றால் 999. இந்த மூன்றையும் படகெடுத்த அன்றே கைப்பேசியில் சேமித்துவிடுங்கள். நாட்டுப்புறத்தில் பல இடங்களில் சிக்னல் கிடைக்காது என்பதால் தாளிலும் எழுதி வைப்பது நல்லது.

## அறிகுறி 1: சாவியைத் திருப்பினால் என்ஜின் ஓடவில்லை

### எந்த ஒலியும் எழவில்லை என்றால்

கியர் நெம்புகோல் நடுவில், அதாவது நியூட்ரலில், சரியாக நிற்கிறதா என்று பாருங்கள். பல படகுகளில் அது சற்று முன்னோ பின்னோ இருந்தாலே ஸ்டார்ட்டர் வேலை செய்யாது. அது சரியாக இருந்தால், என்ஜின் பேட்டரியின் இணைப்பைத் துண்டிக்கும் ஸ்விட்சைத் தேடுங்கள். பெரும்பாலும் சிவப்பு நிறத்தில், பின்முனையின் படிக்கட்டுக்கு அருகே, குழந்தைகளின் கைக்கு எட்டும் உயரத்தில் இருக்கும். அது அணைந்திருந்தால் போட்டுவிட்டு மீண்டும் முயலுங்கள். அதுவும் சரி என்றால், என்ஜினின் மேல்பலகையைத் தூக்கி, பேட்டரி முனைகளில் கம்பி தளர்ந்திருக்கிறதா என்று கண்ணால் மட்டும் பாருங்கள். தளர்ந்திருந்தால் அதை இறுக்குவது நிறுவனத்தின் வேலை. உலோகச் சாவியோடு பேட்டரிக்கு மேல் குனிய வேண்டாம்.

### ‘டிக்’ என்று ஒலித்து நின்றுவிட்டால்

என்ஜின் பேட்டரி இறங்கியிருக்கிறது. நாரோபோட்டில் என்ஜினுக்கு ஒரு பேட்டரியும் வீட்டுப் பயன்பாட்டுக்குத் தனி பேட்டரிகளும் இருப்பதால், உள்ளே விளக்கு நன்றாக எரிவதைக் கொண்டு என்ஜின் பேட்டரி நன்றாக இருக்கிறது என்று முடிவு செய்ய முடியாது. முந்தைய நாள் என்ஜினை நிறுத்திய பின் சாவியைத் திருப்பிய நிலையிலேயே விட்டுவிட்டீர்களா, முகப்பு விளக்கு அணைக்கப்படாமல் இருந்ததா என்று பாருங்கள். காரணம் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் இங்கே நிறுவனத்தை அழைக்க வேண்டியதுதான்.

### ஸ்டார்ட்டர் சுற்றுகிறது, என்ஜின் பற்றவில்லை என்றால்

மேலே நான் சொன்ன குமிழ் இதற்குத்தான் காரணம். பல டீசல் என்ஜின்களை நிறுத்துவதற்கு ஒரு குமிழை வெளியே இழுப்பார்கள். அதை மீண்டும் உள்ளே தள்ளாவிட்டால் எரிபொருள் போகாது. அது உள்ளே இருந்தும் பற்றவில்லை என்றால், குளிர்ந்த காலையில் செய்ய வேண்டிய முன்சூடு விட்டுப்போயிருக்கலாம். சாவியை முன்சூட்டு நிலையில் 10 முதல் 15 நொடி பிடித்திருந்து, பிறகு முழுவதும் திருப்புங்கள். இரண்டும் சரியாக இருந்தும் மூன்று முறை முயன்று பற்றவில்லை என்றால் நிறுத்திவிடுங்கள். நான்காவது, ஐந்தாவது முயற்சிகள் நல்ல பேட்டரியையும் தீர்த்துவிடும். மெக்கானிக்குக் கூடுதலாக ஒரு பழுது சேரும்.

## அறிகுறி 2: என்ஜின் ஓடுகிறது, படகு நகரவில்லை அல்லது தள்ளாடுகிறது

பயணத்தில் மிக அதிகமாக வருவது இதுதான். பதற்றத்தில் மிகப் பெரிய தவறுகள் நடப்பதும் இங்கேதான். ஆகவே இந்தப் பகுதியைப் படகில் ஏறுவதற்கு முன்பே ஒருமுறை படித்துவிடுங்கள்.

### படகு அதிர்கிறது, கரும்புகை வருகிறது, சுக்கான் பிடி கையில் நடுங்குகிறது என்றால்

புரொப்பெல்லரில் ஏதோ சுற்றியிருக்கிறது. இலையுதிர் காலமென்றால் பெரும்பாலும் இலைதான்; நியூட்ரலுக்கு வந்து, சில நொடி நின்று, பின்னோக்கிக் கொஞ்சம் விசை கொடுத்தால் உதிர்ந்துவிடும். இரண்டு முறை செய்தும் அதிர்வு நிற்கவில்லை என்றால் அது இலை அல்ல: பிளாஸ்டிக் பையோ, கயிறோ, துணியோ, ஊருக்குள் என்றால் கம்பியோ ஆக இருக்கும். தொடர்ந்து ஓட்டினால் அது இன்னும் இறுகும், என்ஜினும் சூடேறும்.

கரையில் கட்டுங்கள். என்ஜினை நிறுத்துங்கள். சாவியை எடுத்து, புரொப்பெல்லரில் கை விடப்போகிறவரே தன் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். இதை நான் வேண்டுகோளாகவே எழுதுகிறேன்: சாவி துளையில் இருக்கும்போது, எவ்வளவு நம்பிக்கையானவர் அருகில் நின்றாலும், அந்தத் தண்ணீரில் கை விட வேண்டாம். எங்கள் படகில் சாவி வெளியே வந்த பிறகு, கியர் நெம்புகோலுக்கு அருகே யாரும் நிற்பதில்லை.

பின்தளத்தின் பலகைக்குக் கீழே, புரொப்பெல்லருக்கு நேர் மேலே, வீட் ஹேட்ச் எனப்படும் இரும்பு மூடி இருக்கிறது. அதன் இறுக்கியைத் தளர்த்தி மூடியை எடுத்தால் கீழே நீர் தெரியும். தடித்த கையுறை அணிந்து, மெதுவாகத் துழாவி, சுற்றியிருப்பது எது, அதன் முனை எங்கே என்று முதலில் கண்டுபிடியுங்கள். புரொப்பெல்லரைக் கையால் எதிர்த்திசையில் சுற்றினால் பல நேரங்களில் துணி தானாக அவிழும். அவிழாதபோது, பல் வைத்த ரொட்டிக்கத்தி எதையும்விட நன்றாக அறுக்கும். அதை விழாமல் மணிக்கட்டில் கயிற்றால் கட்டிக்கொள்ளுங்கள். எடுத்ததை மீண்டும் நீரில் போடாமல் குப்பைப் பையில் போட வேண்டும். நீரில் போட்டால் அடுத்த படகின் புரொப்பெல்லரில் அது சுற்றும்.

மூடியைத் திரும்பப் பொருத்துவது, எடுப்பதைவிட முக்கியமான வேலை. ரப்பர் விளிம்பு சரியாக அமர்ந்து, இறுக்கி முழுவதும் இறுகியிருக்க வேண்டும். மூடி சற்றே விலகியிருந்தாலும், புரொப்பெல்லர் சுழலும்போது நீர் அதன் வழியே உள்ளே பீறிடும். இந்த ஒரு கவனக்குறைவால் படகுகள் மூழ்கியிருக்கின்றன. என்ஜினை ஓட்டி, கரையில் கட்டியபடியே முன்னோக்கிச் சற்று விசை கொடுத்து, மூடியைச் சுற்றி நீர் கசிகிறதா என்று விளக்கடித்துப் பார்த்த பிறகே பலகையை மூடுங்கள். பிறகு சோப்பால் கை கழுவுங்கள். கால்வாய் நீரில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கக்கூடும் என்பதால், கையில் காயமுள்ளவர் இந்த வேலையைச் செய்யக் கூடாது.

முள்கம்பி, மெத்தைச் சுருள், பல சுற்றுச் சுற்றிய தடித்த கயிறு ஆகியவற்றை அரை மணி நேரத்தில் எடுக்க முடியவில்லை என்றால் நிறுவனத்தை அழையுங்கள். அதற்காக யாரும் நீரில் இறங்க வேண்டாம்.

### படகு ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றுவிட்டது என்றால்

தரைதட்டியிருக்கிறது. கால்வாயின் ஆழம் நடுவில்தான் இருக்கிறது; கரையோரம் சேறு. முன்னோக்கி விசை கொடுப்பது எல்லாருக்கும் வரும் முதல் எண்ணம். அது படகை இன்னும் சேற்றில் ஏற்றிவிடும். வந்த வழியே பின்னோக்கி மெதுவாகப் போக முயலுங்கள். நகராவிட்டால், உள்ளே இருக்கும் எல்லாரையும் நீர் ஆழமான பக்கத்துக்கு, உட்புறமாகவே, மாறி உட்காரச் சொல்லுங்கள். ஆறேழு பேரின் எடை போதும், படகின் அடி சேற்றிலிருந்து விடுபடும். பிறகு கூரைமேல் கிடக்கும் நீண்ட கழியைக் கால்வாயின் அடித்தரையில் ஊன்றித் தள்ளுங்கள். கழியை உடலின் பக்கவாட்டில் பிடிக்க வேண்டும். நெஞ்சுக்கு நேராகப் பிடித்தால், அது வழுக்கும்போது காயம் படும். கரைக்கும் படகுக்கும் நடுவே காலை விட்டுத் தள்ளுவதை யாருக்கும் அனுமதிக்காதீர்கள். படகின் எடை பல டன்.

சுற்றிலும் சேற்று விளிம்பு வெளியே தெரிகிறது, கட்டியிருந்த படகே காலையில் சாய்ந்து கிடக்கிறது என்றால், குறை படகில் இல்லை. இரண்டு நீர்ப்பூட்டுகளுக்கு இடைப்பட்ட நீர்மட்டமே இறங்கியிருக்கிறது. யாரோ ஒரு மதகைத் திறந்தபடி விட்டிருக்கலாம். மேலேயுள்ள பூட்டிலிருந்து நீங்களாக நீரை இறக்க வேண்டாம். அடுத்த பகுதியையும் வற்றவைத்துவிடும். டிரஸ்டை அழைத்தால் அவர்கள் வந்து மட்டத்தைச் சீர்செய்வார்கள்.

### அதிர்வில்லை, சாய்வில்லை, ஆனால் வேகம் வரவில்லை என்றால்

பெரும்பாலும் பழுதே இல்லை. ஆழம் குறைந்த கால்வாயில் விசையைக் கூட்டக்கூட படகின் பின்முனை அமிழ்ந்து, வேகம் குறையும். விசையைக் குறைத்துப் பாருங்கள், படகு முன்னைவிட இலகுவாகப் போகும். மேல்வரம்பு மணிக்கு 6.4 கி.மீ. என்றாலும், கரையை அலை அறுக்கத் தொடங்கினால் அதற்கும் குறைத்தாக வேண்டும். லாங்கோலன் கால்வாயில் நீர் எப்போதும் அதன் கீழ்முனையான ஹர்ல்ஸ்டன் நோக்கி ஓடிக்கொண்டிருப்பதால், எதிரோட்டத்தில் லாங்கோலனுக்குப் போகும்போது, குறிப்பாக ஒருவழியான சர்க் சுரங்கத்தில், படகு நகர்கிறதா என்ற சந்தேகமே வரும். நகர்கிறது, சுவரின் செங்கற்களைப் பாருங்கள்.

### என்ஜின் உறுமுகிறது, பின்னால் நீர் கலங்கவேயில்லை என்றால்

கியரைத் துண்டிக்கும் பொத்தான் நெம்புகோலில் அழுந்தியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கியர் கம்பியோ இணைப்போ அறுந்திருக்கிறது. நிறுவனத்தை அழைக்கவும், நீங்கள் செய்யக்கூடியது வேறு இல்லை.

## அறிகுறி 3: எச்சரிக்கை விளக்கோ ஒலியோ வருகிறது

### வெப்பமானி முள் ஏறுகிறது என்றால்

முதலில் விசையைக் குறைத்து, புரொப்பெல்லரில் ஏதும் சுற்றியிருக்கிறதா என்று மேலே சொன்னபடி பாருங்கள். எங்களுக்கு இருமுறை காரணம் அதுவாகவே இருந்தது. சுற்றியிருக்கவில்லை என்றால் என்ஜினை நிறுத்தி, முழுவதும் ஆறவிட்டு, குளிர்நீர்த் தொட்டியில் மட்டம் பாருங்கள். சூடாக இருக்கும்போது அதன் மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் பீறிடும். ஆறிய பின் மட்டம் குறைந்திருந்தால், நிறுவனத்திடம் சொல்லிவிட்டு நீர் நிரப்பலாம். அன்று மாலைக்குள் மீண்டும் குறைந்தால் எங்கோ கசிகிறது. நீங்கள் மேலும் ஓட்டக் கூடாது.

### வெப்பமும் ஏறுகிறது, பேட்டரி விளக்கும் எரிகிறது என்றால்

பெல்ட் அறுந்திருக்கிறது. பல என்ஜின்களில் மின்னூட்டும் கருவியையும் குளிர்நீரைச் சுற்றவைக்கும் பம்பையும் ஒரே பெல்ட் ஓட்டுகிறது. உடனே நிறுத்துங்கள். பெல்ட் மாற்றுவது அனுபவமுள்ளவருக்குச் சிறிய வேலை. எனினும் வாடகைப் படகில் அதை நிறுவனமே செய்யட்டும்.

### எண்ணெய் விளக்கு எரிகிறது என்றால்

அந்த நொடியே என்ஜினை நிறுத்துங்கள். அடுத்த வளைவு வரை போய்ப் பார்க்கலாம் என்று எண்ண வேண்டாம். படகு தானாக மிதந்து கரை சேரும். கழியால் தள்ளி ஒதுக்கிக்கொள்ளலாம். எண்ணெய் அளவுகோலைப் பார்த்து, அளவைத் தொலைபேசியில் சொல்லுங்கள்.

## அறிகுறி 4: சுக்கான் சொன்னபடி கேட்கவில்லை

நியூட்ரலிலும் பின்னோக்கிச் செல்லும்போதும் சுக்கான் ஏறக்குறைய வேலை செய்யாது. புரொப்பெல்லர் தள்ளும் நீர் சுக்கான்மேல் படும்போதுதான் படகு திரும்பும். எதிர்ப்படகைக் கண்டு பயந்து விசையை முழுவதும் எடுத்துவிட்டால், அதே நொடியில் திருப்பும் திறனையும் இழந்துவிடுகிறீர்கள். கொஞ்சம் விசையை வைத்துக்கொண்டே திருப்புங்கள்.

விசை இருந்தும் சுக்கான் பிடி கல்லாக இறுகியிருந்தாலோ, சுழற்றினால் எந்த எதிர்ப்பும் இல்லாமல் ஆடினாலோ, பின்னோக்கி வந்தபோது எதிலாவது மோதியதா என்று நினைவுகூருங்கள். சுக்கானின் அடித்தண்டு அமர்ந்திருக்கும் குழியிலிருந்து எகிறியிருக்கலாம். அதை மீண்டும் அமர்த்தப் பலமும் பழக்கமும் வேண்டும், நிறுவனத்தை அழையுங்கள்.

## அறிகுறி 5: நீர்ப்பூட்டில் சிக்கல்

ஹர்ல்ஸ்டனிலிருந்து லாங்கோலன் வரை 21 நீர்ப்பூட்டுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் நுழைவதற்கு முன் அடுப்பை அணைத்துவிடுங்கள். சாம்பார் கொதிக்கும் பாத்திரம் அடுப்பிலிருக்க, படகு சுவரில் இடித்த அனுபவம் எங்களுக்கு உண்டு. நல்லவேளையாக அருகில் யாரும் நிற்கவில்லை.

### கதவு திறக்க மறுக்கிறது என்றால்

இரு பக்கமும் நீர்மட்டம் சமமாகவில்லை. ஓர் அங்குல வேறுபாடு இருந்தாலும் எத்தனை பேர் தள்ளினாலும் கதவு அசையாது. சமமானால் குழந்தையுடன் சேர்ந்தே தள்ளித் திறக்கலாம். மதகுகள் முழுவதும் திறந்திருக்கின்றனவா என்று பாருங்கள். பிறகு எதிர்ப்பக்க மதகுகள் முழுவதும் மூடியிருக்கின்றனவா என்று நடந்து போய்ப் பாருங்கள்; பாதி மூடிய மதகுதான் பெரும்பாலான தாமதத்துக்குக் காரணம். படகால் கதவை இடித்துத் திறக்க முயல வேண்டாம்.

கதவு பாதி திறந்து நின்றுவிட்டால், அதன் பின்னால் மரக்கட்டையோ குப்பையோ சிக்கியிருக்கிறது. கதவைச் சற்று மூடி, நீண்ட கொக்கியால் துழாவி எடுத்துவிட்டு மீண்டும் திறங்கள்.

### மதகைத் திறக்கும் கைப்பிடி சுழலவில்லை என்றால்

விண்ட்லாஸ் எனப்படும் ‘ட’ வடிவக் கைப்பிடியில் அளவு மாறுபட்ட இரண்டு துளைகள் இருக்கலாம்; தண்டுக்குப் பொருந்தும் துளையைப் பயன்படுத்துங்கள். சில இடங்களில் மதகுகள் தனிச் சாவியால் பூட்டப்பட்டிருக்கும். அந்தச் சாவி படகின் சாவிக்கொத்தில் இருக்கும். இவை சரியாக இருந்தும் சுழலவில்லை என்றால் அது டிரஸ்டின் வேலை. எந்த நிலையிலும் கைப்பிடியைத் தண்டிலேயே விட்டுவிட்டு நகர வேண்டாம். தண்டைப் பிடித்து நிறுத்தும் பற்கட்டை நழுவினால் அது சுழன்று அடிக்கும். அந்த அடியில் எலும்பு முறியும்.

### படகு நுழைவாயிலிலேயே நேராகப் போகவில்லை, அல்லது இடையில் இறுகிவிட்டது என்றால்

கீழிருந்து ஏறும்போது, பூட்டின் பக்கத்தில் வழியும் உபரிநீர் வாயிலுக்கு அருகே வந்து சேர்ந்து, படகின் முன்முனையைப் பக்கவாட்டில் தள்ளும். லாங்கோலன் கால்வாயில் இது வலுவாகவே இருக்கும். நீர் தள்ளும் பக்கத்துக்கு எதிராகச் சற்றுத் திருப்பிவைத்து, விசையை முழுவதும் விடாமல் நுழையுங்கள். ஒருமுறை இடித்தால் பின்வாங்கி மீண்டும் வாருங்கள். கையால் தள்ளி நேராக்க முயல வேண்டாம்.

இறுகிவிட்டது என்றால் மோதலைத் தாங்குவதற்காகப் படகின் பக்கவாட்டில் தொங்கும் இடிதாங்கிகளைப் பாருங்கள். படகின் அகலம் சுமார் 2.08 மீட்டர், பூட்டின் அகலமோ 2.1 மீட்டரை ஒட்டியது. இடிதாங்கிக்கு அங்கே இடமில்லை. குறுகிய பூட்டுகளில் அவற்றைக் கூரைமேல் எடுத்துவைத்துவிட்டே நுழைய வேண்டும்.

### நீர் இறங்கும்போது படகின் பின்முனை மேலேயே நிற்கிறது, முன்முனை தாழ்கிறது என்றால்

இந்தக் கட்டுரையில் மிக ஆபத்தான அறிகுறி இதுவே. மேல்கதவுக்கு அடியில், நீர் நிறைந்திருக்கும்போது கண்ணுக்குத் தெரியாமல், கல்லால் ஆன ஒரு பெரிய படி உள்நோக்கி நீண்டிருக்கிறது. அதற்குச் சில் என்று பெயர். அது எதுவரை நீள்கிறது என்பதைப் பூட்டின் சுவரில் வெள்ளைக் கோடு காட்டும். கோட்டுக்குப் பின்னால் படகின் பின்முனை இருந்தால், நீர் இறங்கும்போது அது படிமேல் அமர்ந்துவிடும்; சில நொடிகளில் முன்முனை வழியே நீர் புகும்.

‘மூடு’ என்று உரக்கக் கத்துங்கள். கீழ்மதகுகளை உடனே இறக்கி மூடுங்கள். அவை மூடிய பிறகு மேல்மதகைச் சிறிது சிறிதாகத் திறந்து, நீரை மீண்டும் ஏற்றிப் படகை மிதக்கவிடுங்கள். மேலே ஏறும்போது முன்முனை எதிலாவது மாட்டிப் படகு சாய்ந்தால், முறை இதற்கு நேரெதிர்: மேல்மதகுகளை மூடி, பிறகு கீழ்மதகைத் திறந்து நீரை இறக்க வேண்டும்.

எங்கள் குடும்பத்தில் மதகருகே நிற்பவர் கைப்பேசியைத் தொடக் கூடாது. படகோட்டியின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதே அவருடைய வேலை. க்ரிண்ட்லி ப்ரூக்கில் மூன்று பூட்டுகள் படிக்கட்டுபோல் அடுத்தடுத்து ஒட்டியிருக்கும். அங்கே பருவகாலத்தில் பூட்டுக் காவலர் இருப்பார். அவர் சொல்லாமல் எந்த மதகையும் தொட வேண்டாம்.

## அறிகுறி 6: தூக்குபாலம் அசையவில்லை

ரென்பரியிலுள்ளது போன்ற மின்பாலங்களுக்குப் படகோடு கொடுக்கும் கால்வாய்ச் சாவி வேண்டும். சாவி முழுவதும் திரும்பியிருக்கிறதா, சாலைத் தடுப்புகள் முழுவதும் மூடியிருக்கின்றனவா என்று பாருங்கள். ஒரு படி நிறைவேறாமல் அடுத்த படி நகராது. ஒவ்வொரு பொத்தானையும் பலகையில் எழுதியிருக்கும் வரிசையில், எழுதியிருக்கும் நேரம்வரை அழுத்தி வைத்திருக்க வேண்டும். அதன் பிறகும் அசையவில்லை என்றால் டிரஸ்டை அழையுங்கள். கார்கள் காத்திருக்கும், அதற்காகப் பதற்றப்பட வேண்டாம்.

## அறிகுறி 7: குழாயில் நீர் வரவில்லை

பம்பின் ஒலியே கேட்கவில்லை என்றால் அதன் ஸ்விட்ச் அணைந்திருக்கிறது. பம்ப் நிற்காமல் ஓடியும் நீர் வரவில்லை என்றால் தொட்டி காலி. எல்லாக் குழாய்களும் மூடியிருக்கும்போது பம்ப் அவ்வப்போது தானாக ஓடினால், ஏதோ ஒரு குழாய் சொட்டுகிறது, அல்லது எங்கோ கசிகிறது. இரவில் பம்பை அணைத்துவிட்டு, காலையில் நிறுவனத்திடம் சொல்லுங்கள். தொட்டி நிரம்ப ஒரு மணி நேரம்கூட ஆகலாம் என்பதால், மதிய உணவு வேளையில் நீர்க்குழாய் இருக்கும் இடத்தில் நிறுத்துவது எங்கள் வழக்கம்.

வெந்நீர் மட்டும் வரவில்லை என்றால், பெரும்பாலான படகுகளில் என்ஜினின் சூட்டிலேயே நீர் சூடாவதால், அன்று போதுமான நேரம் ஓட்டவில்லை என்பதே காரணம்.

சமையலறைத் தொட்டியின் நீர் நேராகக் கால்வாய்க்கே போகிறது. தாளித்த எண்ணெயையும் சோற்றுப் பருக்கைகளையும் காகிதத்தில் துடைத்து எடுத்துவிட்டுப் பாத்திரம் கழுவுங்கள். அடைப்பும் வராது, கால்வாயும் கெடாது.

## அறிகுறி 8: மாலையில் விளக்குகள் மங்குகின்றன

வீட்டுப் பேட்டரிகள் 12 வோல்ட் மின்சாரத்தையே தருகின்றன. என்ஜின் ஓடும்போதுதான் அவை நிரம்புகின்றன. ஒரு நாளைக்கு 4 முதல் 6 மணி நேரம் ஓட்டினால் சாதாரணப் பயன்பாட்டுக்குப் போதும். முடி உலர்த்தி, மின்கெண்டி, ரைஸ் குக்கர் ஆகியவற்றைப் படகில் பயன்படுத்தவே வேண்டாம்; சோற்றை அடுப்பில் வடித்துக்கொள்ளலாம். கட்டி நிற்கும்போது பேட்டரிக்காக என்ஜினை ஓட்டுவதென்றால் காலை 8 மணிக்கும் இரவு 8 மணிக்கும் இடையில் மட்டும் ஓட்டுங்கள். நாள் முழுவதும் ஓட்டியும் இரவுக்குள் மங்கினால் பேட்டரியோ மின்னூட்டியோ பழுது, நிறுவனத்தை அழையுங்கள்.

## அறிகுறி 9: கழிப்பறை நிறைந்துவிட்டது என்று விளக்கு காட்டுகிறது

காகிதத்துக்குப் பதிலாக நீரால் கழுவும் நம் வழக்கத்தை இந்தத் தொட்டிகளின் அளவு கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. கையிலெடுத்துச் சென்று கொட்டும் வகைத் தொட்டி சுமார் 20 லிட்டர்தான் கொள்ளும். ஆறு பேர் செம்பு செம்பாக நீர் ஊற்றினால் ஒரே நாளில் நிறைந்துவிடும். சிறிய குவளையாக மாற்றுங்கள். நாள்தோறும், கொட்டும் நிலையம் வந்தவுடன் காலி செய்யுங்கள். நிலையங்களின் கதவும் அதே கால்வாய்ச் சாவியால் திறக்கும்.

பெரிய தொட்டியுள்ள படகில் விளக்கு எரிந்தால், உறிஞ்சியெடுக்கும் வசதியுள்ள துறையில் கட்டணம் கட்டி எடுக்கச் செய்ய வேண்டும். ஈரத்துடைப்புத் தாளும் நாப்கினும் போட்டு அடைத்துக்கொண்டால் அது செலவு மிகுந்த பழுது. வயதானவர்கள் உடன் வந்தால் இந்த அறிகுறியை மற்ற எல்லாவற்றையும்விட முன்னதாகவே கவனியுங்கள். அவர்கள் சங்கடப்பட்டுச் சொல்லாமல் இருப்பார்கள்.

## அறிகுறி 10: அடுப்பு எரியவில்லை, வாயு நெடி வருகிறது, அல்லது அலாரம் ஒலிக்கிறது

அடுப்பு பற்றி உடனே அணைந்தால், தீ பற்றிய பின்னும் திருகியை 10 நொடி அழுத்திப் பிடித்திருங்கள். எந்த அடுப்பும் பற்றவில்லை என்றால் சிலிண்டர் தீர்ந்திருக்கிறது. முன்முனைப் பெட்டியில் இருக்கும் இரண்டாவது சிலிண்டருக்கு மாறும் முறையைப் படகெடுக்கும்போதே செய்துகாட்டச் சொல்லிக் கேளுங்கள்.

நெடி வந்தால் கதை வேறு. இந்த வாயு காற்றைவிடக் கனமானது. படகின் அடியில் தங்கும். தீயையெல்லாம் அணைத்து, கதவுகளைத் திறந்து, எந்த மின் ஸ்விட்சையும் போடாமலும் அணைக்காமலும், எல்லாரையும் கரைக்கு இறக்குங்கள். வெளியிலிருந்தபடி சிலிண்டரை மூடுங்கள். நிறுவனம் வந்து சோதிக்கும்வரை உள்ளே போக வேண்டாம்.

கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒலித்தாலும் வெளியேறுவதே முதல் வேலை. யாருக்காவது தலைவலியோ குமட்டலோ இருந்தால் 999. தாளிக்கும்போது ஒலிப்பது பெரும்பாலும் புகை அலாரம்; இரண்டின் ஒலிக்கும் உள்ள வேறுபாட்டை முதல் நாளே பொத்தானை அழுத்திக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். குளிருக்காகக் காற்றுத் துளைகளைத் துணியால் அடைப்பதும், கரி அடுப்பை உள்ளே கொண்டுவருவதும் உயிரைப் பறிக்கும்.

## அறிகுறி 11: என்ஜின் அறையின் அடியில் நீர் சேர்கிறது

புரொப்பெல்லர் தண்டு படகை விட்டு வெளியேறும் இடத்தில் சொட்டுச் சொட்டாக நீர் வருவது இயல்பு. கிரீஸ் திருகி இருக்கும் படகில், ஒவ்வொரு நாள் மாலையும் என்ஜினை நிறுத்திய பின் அது இறுகும்வரை ஒன்றிரண்டு சுற்றுத் திருக வேண்டும். அதை மறந்தால் சொட்டு அதிகமாகும். திருகிய பின்னும் சொட்டு ஒழுக்காக மாறினால் நிறுவனத்தை அழையுங்கள். இறுக்கும் போல்ட்டுகளை நீங்கள் தொட வேண்டாம்.

அடிநீரை இறைக்கும் பம்ப் தொடர்ந்து ஓடிக்கொண்டேயிருந்தால், முதலில் வீட் ஹேட்ச் மூடியைப் பாருங்கள். என்ஜினை நியூட்ரலுக்குக் கொண்டுவந்ததும் நீர்வரவு குறைந்தால் வழி அதுதான். நிறுத்தி, சாவியை எடுத்து, மூடியை மீண்டும் சரியாக அமர்த்துங்கள். குறையவில்லை என்றால் வேறெங்கோ துளை இருக்கிறது. படகைக் கரையோரத்தின் ஆழம் குறைந்த பகுதிக்கு ஓட்டிக்கொண்டு போங்கள். அங்கே அது அமிழ்ந்தாலும் தரையில் அமர்ந்துவிடும். முதலில் குழந்தைகளையும் முதியவர்களையும் இறக்கி, தலைகளை எண்ணி, கரையில் நின்றபடி நிறுவனத்தையும் டிரஸ்டையும் அழைத்துப் பாலத்தின் எண்ணைச் சொல்லுங்கள். உள்ளே விட்டுவந்த பைக்காக யாரையும் திரும்ப அனுப்ப வேண்டாம்.